ஐந்து வேலை நாள்

துவாஸ் கரையேறும் நிலையத்திலிருந்து
தை செங் ஆறாம் மாடி வரை
நூறு கிகாபிட் தனித்தடம், முப்பத்தாறு மாதம்.
யாரும் பேசாவிட்டாலும் வாடகை உண்டு.
முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.
நியாயம்தான்,
பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை உண்டே.

ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம்.
எனக்குள் அது தமிழில் ஓடும்.
நாற்பத்தொரு பக்கத்திலும்
"கூடும்" என்று இருக்குமிடமெல்லாம்
"வேண்டும்" என்று திருத்தினேன்.
எதிர்த்தரப்பின் திருமதி குவெக்
மறுநாள் காலை சிவப்பில் அடித்து
மீண்டும் "கூடும்" ஆக்கினார்.
ஒன்பது நாள்
முகம் பாராமல் இரண்டு பேர்
ஒரே வினைச்சொல்லில் ஊஞ்சலாடினோம்.

ஆண்டுக்கு நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம்
தடம் செத்துக் கிடக்கலாம்.
அதுவரை யாரும் யாருக்கும் ஒரு காசு தர வேண்டாம்.
அதற்கு மேல் போனால்
மாத வாடகையில் ஐந்து விழுக்காடு கழிவு.
கப்பல் நங்கூரம் இழுத்து அறுந்தால் கழிவில்லை.
அது கடவுள் செயல்,
கப்பலில் இருபது மாலுமிகள் இருந்தாலும்.

நான் குடியிருக்கும் வாடகை அறைக்கு ஒரு பிரிவு இருக்கிறது:
வேலை போய் நாடு திரும்ப நேர்ந்தால்
இரண்டு மாத அறிவிப்பில் சாவியைக் கொடுத்துவிடலாம்.
தடத்துக்கு அது இல்லை.
பாதியில் விட்டால் மீதி முழுவதும் கட்ட வேண்டும்.
இங்கே மட்டும் திருமதி குவெக்
"வேண்டும்" என்பதை விட்டுவைத்திருந்தார்.

பிரிவு 7.3:
முதன்மைத் தடமும் மாற்றுத் தடமும்
எந்த இடத்திலும் கூடக் கூடாது.
இதை யாரும் அடிக்கவில்லை.
கையெழுத்தானது.

செவ்வாய் இரவு பதினொன்றே காலுக்கு
ரிட்ஸுவான் படம் அனுப்பினான்.
பார்ட்லி சாலையோரம் மழைநீர் இறைத்து
மூடி திறந்த குழி.
மஞ்சள் பட்டை கட்டிய கம்பியும்
நீலப் பட்டை கட்டிய கம்பியும்
ஒரே குழாய்வாயில் தோளோடு தோள்.
இடையில் ஒரு தவளை, கண்ணில் டார்ச் வெளிச்சம்.
"உங்கள் இரண்டு பாதையும் இதோ" என்று எழுதியிருந்தான்.

ஒரே உறையில் இரண்டு கத்தி.
மண்வாரியின் ஒரு பல் போதும்.

புதன் மாலை பதில் வந்தது:
இணைப்பு ஒன்று, வரையறைகள், பக்கம் முப்பத்தாறு.
"இடம்" என்றால் கட்டடம்.
குழி கட்டடம் அல்ல.

சிரித்துவிட்டேன்.
பிறகு முப்பத்தாறாம் பக்கத்தைப் புரட்டினேன்.
ஓரத்தில் என் சுருக்கொப்பம்.
அந்த வரியின் நேர் எதிரே,
காபி வட்டத்துக்குள்.

எழுபத்திரண்டு மணி நேரச் சோதனை அதற்கு முன்பே முடிந்திருந்தது.
அர்த்தமில்லாத ஒன்றுகளும் சுழியங்களும்
தீவின் மேற்கிலிருந்து கிழக்குக்கு
ஒன்றுகூட மாறாமல் போய்ச் சேர்ந்தன.
பிழை: சுழியம்.
அறிக்கை கிடைத்து ஐந்து வேலை நாளுக்குள்
மறுப்புச் சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும்.
இதைச் சொல்ல அவர்களுக்குப் பதினோரு வரி.
மௌனம் சம்மதம் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதி
அழித்தேன்.

"வங்கிக்காரர்கள் காத்திருக்கிறார்கள், விடுங்கள்" என்றார்
என் மேலாளர் திரவியநாதன்.
"இரண்டும் ஒன்றாக அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம்."
அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை.
அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

வெள்ளி, ஐந்தாம் நாள், மாலை நான்கு ஐம்பது.
பாய லேபார் மேம்பாலத்தில் ரயில் போகிறது,
என் மேசையில் தண்ணீர் லேசாக நடுங்குகிறது.
தட்டச்சு செய்கிறேன்:
ஏற்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
7.3 என்று எழுத முடியாது, அங்கே நான் தோற்றாயிற்று.

காரணம்: படம் இணைக்கப்பட்டுள்ளது.

தவளையை வெட்டாமல்
முழுப் படத்தையும் இணைத்தேன்.